புதன்கிழமைப் பூஜ்யம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தை ஒட்டி ஒரு விதைப்பண்ணை இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். நாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்.

அந்தப் பண்ணையின் மேற்கு மூலையில், கம்பிவேலிக்குள், முழங்கால் உயரத்தில் ஒரு உருளை நின்றது. பாடப்புத்தகத்தில் அதற்கு மழைமானி என்று பெயர். பண்ணையில் அது கேஜு. காலை எட்டரை மணிக்கு அதைத் திறந்து, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, அதில் விழுந்திருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, ஏட்டில் எழுதிப் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும். முந்தின நாள் எட்டரையிலிருந்து அன்றைய எட்டரை வரை பெய்ததெல்லாம் அன்றைய கணக்கு. தீபாவளி, பொங்கல், ஞாயிற்றுக்கிழமை என்று எதற்கும் விலக்கில்லை. இந்த வேலையைத் தளவாய்புரத்துக்காரரான சமுத்திரம் என்பவர் அறுபத்தெட்டாம் வருடத்திலிருந்து செய்துவந்தார். தாய் செத்த அன்றுகூட எட்டரைக்குக் கேஜைப் பார்த்துவிட்டுத்தான் பாடை கட்டப் போனார்.

பெரிய சேவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வருடத்தில் முந்நூறு நாள் அந்தப் பாட்டிலில் இருந்தது காற்றுத்தான். சில நாள் ஒரு எறும்பு இருக்கும். பேரில் சமுத்திரத்தை வைத்துக்கொண்டு தினமும் காலிப் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறாரே என்று களையெடுக்க வரும் பெண்கள் சிரிப்பார்கள். முதல் நாலைந்து வருடம் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பதற்கும் அலுத்துவிட்டது. கறவை மாடு வைத்திருப்பவனைப் போல ஊரைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க முடியாது. மாடாவது பால் கொடுக்கும்.

ஆனி, ஆடி மாதங்கள்தான் ரொம்ப மோசம். மேற்கே பார்த்தால் மலை உச்சியில் கரேலென்று மேகம் குவிந்திருக்கும். எட்டிக் கையை நீட்டினால் நனைந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் அது உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைக்காது. இறங்கி வருவதெல்லாம் காற்று. மண்ணை வாரிக் கண்ணில் போட்டு, வாழையைக் கிழித்து, கேஜின் புனலுக்குள் புழுதியை நிரப்பிவிட்டுப் போகும் காற்று. அந்தப் புழுதியைத் துடைத்துவிட்டு சமுத்திரம் ஏட்டில் பூஜ்யம் போடுவார்.

"அந்தப்பக்கம் கொட்டித் தீக்குது, இந்தப்பக்கம் ஒரு சொட்டு இல்ல. இது என்ன நாயம் சார்?" என்று ஒருநாள் பண்ணை அதிகாரியிடம் கேட்டார்.

அதிகாரியின் பெயர் உப்பிலி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், முப்பது வயதுகூட ஆகாதவர். ஆண்டாள் கோயிலில் பரம்பரைக் கைங்கர்யம் உள்ள குடும்பம். நெற்றியில் நாமமும் மேஜையில் உலகப் படமுமாக உட்கார்ந்திருப்பார். யாராவது எதையாவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவர்போல எழுந்து வந்தார்.

"சமுத்திரம், ஒரு ஊரோட வெயில் மழை எப்படின்னு தெரிஞ்சுக்க அந்த ஊருக்கே போக வேண்டாம். நாலு கேள்வி கேட்டாப் போதும். வெயில் நேரா தலையில விழுதா, சாய்ஞ்சு விழுதா? கடலுக்குப் பக்கமா, தூரமா? எவ்வளவு உசரத்துல இருக்கு? காத்து எங்கேருந்து வருது, வழியில எதைத் தாண்டி வருது? முதல் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, ருஷ்யாவுல ஏன் பனி, நமக்கு ஏன் வேர்வைன்னு தெரிஞ்சுடும். கடல்லேருந்து ரொம்பத் தள்ளிப் போனா பகல்ல கொதிக்கும், ராத்திரி நடுங்கும். கொடைக்கானலுக்கு மூணாவது கேள்வி. நமக்கு இந்த நாலாவது."

"நமக்கு என்ன சார்?"

"அரபிக்கடல்ல தண்ணியக் குடிச்சுட்டு வர்ற காத்து மலையேறும்போது குளிர்ந்துபோகுது. குளிர்ந்துட்டா அதால ஈரத்தைச் சுமக்க முடியாது. அந்தப்பக்கமே இறக்கி வச்சிடுது. வெறுங்கையோட உச்சியேறி நம்ம பக்கம் இறங்குது. இறங்க இறங்கச் சூடாகுது. செங்கோட்டைப் பக்கம் மலையில ஒரு வாசல் இருக்கு, அதனால குத்தாலத்துக்குச் சாரல். நமக்கு நேரா வாசல் இல்ல, சுவருதான். தென்னமெரிக்காவுல இதே மாதிரி ஒரு பெரிய மலை. அதுக்குப் பின்னாடி பாலைவனமே இருக்கு. நமக்காவது ஐப்பசியில கிழக்கேருந்து காத்து திரும்பி வந்து பெய்யுது."

சமுத்திரம் படத்தில் அந்த மலையைத் தேடினார். "அப்போ சனங்க செஞ்ச பாவத்தால இல்லியா? கோயில்ல அப்படித்தான சொல்லுதாவ."

உப்பிலி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "மலை இருக்கிற இடம் அப்படி. அவ்வளவுதான்" என்றார்.

இதைக் கேட்டுச் சமுத்திரத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாவம் என்றால் பரிகாரம் செய்யலாம், பொங்கல் வைக்கலாம். மலைக்கு என்ன செய்வது? அவருக்கு அலுப்புத்தான் கூடியது.

உப்பிலி இன்னொன்றும் சொன்னார். "எப்பவாவது அந்தப்பக்கம் மழை விட்டு, மேல்காத்து, அதான் இந்த மேற்குக் காத்து, நின்னுச்சுன்னா சூதானமா இருங்க. காத்து இல்லாத வெயில் நம்ம மண்ணைக் கொதிக்க வச்சிடும். சாயங்காலம் இடிச்சு ஒரே இடத்துல கொட்டிட்டுப் போகும். நாலு மைல் தள்ளித் தூசி பறக்கும்." சமுத்திரம் தலையை ஆட்டினார். பத்தொன்பது ஆடியில் அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

ஒவ்வொரு மாதமும் ஏட்டின் நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் மற்ற கேஜுக்காரர்களும் வருவார்கள். அவர்களில் சங்கையா என்று ஒருவர். யாரையும் கேலி செய்யாமல் விடாத ஆள்.

"ஏலே சமுத்திரம், ஆனி ஆடி ரெண்டு மாசப் பூஜ்யத்தையும் ஒண்ணாந்தேதியே போட்டுட்டு நான் பாட்டுக்கு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அலையுதேன். நீ என்னடான்னா தெனமும் போயி காலிப் பாட்டிலுக்குக் கும்புடு போட்டுக்கிட்டிருக்கே. ஆடியில எவன்லே கேஜு பாப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். மழை மறைவு நாட்டில் கேஜு பார்க்கிறவர்களுக்குள் இது சகஜமான வழக்கம். கேரளத்தில் எவனும் ஆடிக்கு முன்கூட்டிப் பூஜ்யம் போட மாட்டான். போட்டால் மறுநாளே சாயம் வெளுத்துவிடும். இங்கே வெளுக்காது. சமுத்திரம் மட்டும் அப்படிச் செய்ததில்லை. நேர்மை என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். பார்க்காமல் எழுதினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

எண்பத்தேழாம் வருடம் ஆடியில் அவர் மனைவி வேலுத்தாயிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. மகள் அழகுத்தாயைத் தென்மலைக்கு அந்தப்பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் கருத்தையா என்பவனுக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவம் மாதிரி அழைத்து வர முடியவில்லை என்று வேலுத்தாய் ஒரு மாதம் முன்பே அங்கே போயிருந்தாள். ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, பிள்ளைக்கு நெஞ்சு கர்ரு கர்ரென்று இரைக்கிறது, தாய்க்கும் காய்ச்சல் விடவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தது. கடிதத்தை அவள் யாரையோ வைத்து எழுதியிருந்தாலும், கடைசி வரியில் அவள் குரல் இருந்தது: 'உங்க கேஜை நாய் தூக்கிட்டுப் போயிறாது.'

லீவு கேட்க வேண்டுமானால் கண்ணாடிக் கோட்டைப் பார்த்து எழுதத் தெரிந்த ஒரு பதிலாளைக் காட்ட வேண்டும். பண்ணையில் அது தெரிந்த இன்னொரு ஆள் உப்பிலிதான். அவரோ ஆடித்தேருக்குப் பின்னான கோயில் வேலைகளில் இருந்தார். வாரம் முழுக்க லீவு. காவல்காரன் பால்ச்சாமிக்கு எழுத்தே தெரியாது.

திங்கட்கிழமை எட்டரைக்குப் பாட்டிலைப் பார்த்தார். காலி. பூஜ்யம் எழுதினார். பேனாவை மூடினார். பிறகு திறந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்றுக்கும் பூஜ்யம் போட்டு, மூன்றுக்கும் ஒப்பமும் போட்டார். கை கூசியது. சங்கையா செய்கிறான், ஊரே செய்கிறது, நான் ஒரு தடவை செய்தால் குடி முழுகிவிடுமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"ஏலே பால்ச்சாமி, நான் வெள்ளிக்கிழமை வெள்ளன வந்துருவேன். யாரும் கேட்டா வயக்காட்டுப் பக்கம் போயிருக்காருன்னு சொல்லு."

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே. ஆடியில யாரு கேக்கப் போறா" என்றான் பால்ச்சாமி.

கொல்லம் போகும் ரயிலில் உட்கார்ந்தார். சங்கரன்கோவில் வரைக்கும் புழுதி. கடையநல்லூர் தாண்டியதும் காற்றில் ஈரம். தென்காசியில் ஜன்னல் கம்பி சில்லென்று இருந்தது. செங்கோட்டை தாண்டி பகவதிபுரத்துக்கு அப்பால் ரயில் ஒரு நீண்ட குகைக்குள் நுழைந்தது. புகை உள்ளே வர, எல்லோரும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குகையை விட்டு வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மரம், பாறை, தண்டவாளம், ஸ்டேஷன் மாஸ்டரின் குடை எல்லாவற்றிலும் தண்ணீர் வழிந்தது. ஐந்து நிமிடத் தூரம். பத்தொன்பது வருடம் காலிப் பாட்டிலைப் பார்த்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் "சட்டை நனையுது, ஜன்னலைச் சாத்துங்க" என்று கோபித்துக்கொண்டார்.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் இந்தப் பக்கத்து மழையும் லேசுப்பட்டதில்லை என்று தெரிந்தது. சுவரெல்லாம் பூஞ்சணம். தலையணையில்கூட ஒரு மக்கல் வாடை. பிள்ளையின் துணிகளை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் புகை நாற்றம் வீசியது. அழகுத்தாய் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"யப்பா, வரும்போது ரெண்டு கை வெயில் அள்ளிட்டு வந்திருக்கக் கூடாதா? ஒரு மாசமா இந்தப் பிள்ளைக்கு ஒரு காஞ்ச துணி உடுத்தலப்பா" என்று சொல்லி அழுதாள்.

சமுத்திரம் அடுப்புக்கு மேலே தொங்கிய துணிகளைப் பார்த்தார். நாம் கும்பிட்டுக் கேட்பது இதைத்தானா என்று நினைத்தார். பேரனைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டார். அந்தச் சின்ன நெஞ்சு கிழட்டு மனிதனைப் போல இரைத்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அதிசயம் போல மழை விட்டது. காற்று நின்றது. மேகம் கலைந்து பளீரென்று வெயில் அடித்தது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் பாய், தலையணை, துணிமணியோடு வெளியே ஓடி வந்தார்கள். வேலுத்தாய் பேரனின் துணிகளைப் பாறை மேல் பரப்பிவிட்டு, "நீங்க வந்த நேரம்" என்றாள். அவள் அவரைப் பாராட்டி வெகு காலம் ஆகியிருந்தது. புதனும் அதே வெயில். பிள்ளையின் இரைப்பு அடங்கியது. மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அந்த இரண்டு நாளும் சமுத்திரம் சந்தோஷமாக இருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி எண்ணிச் சொல்லக்கூடிய நாட்கள் குறைவு. அந்தப்பக்கம் மழை விட்டு மேல்காற்று நின்றால் இந்தப்பக்கம் என்ன ஆகும் என்று உப்பிலி சொன்னது அவர் நினைவுக்கு வரவே இல்லை. வந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும்?

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பண்ணை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். பால்ச்சாமி ஓடி வந்தான். தரை ஓரங்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணே, செவ்வாக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீத்துட்டு. ஒரு மணி நேரந்தான். மலைப்பக்கமிருந்து இடிச்சுக்கிட்டு வந்துச்சு. நம்ம மாரிச்சாமி போய்ட்டாண்ணே."

"எந்த மாரிச்சாமி?"

"களையெடுக்க வருமே குருவம்மா, அவ புருசன். மண்சுவரு ஊறி அப்படியே மேல சாஞ்சுட்டு. பிள்ளைய ரெண்டையும் வெளிய தள்ளிட்டான். அவன் வரல."

சமுத்திரம் பையைக் கீழே போட்டுவிட்டுக் கேஜுக்கு ஓடினார். பாட்டிலைத் தூக்கியபோது கை தாழ்ந்தது. இருபது மில்லிமீட்டர் பிடிக்கிற கண்ணாடி. ஒன்று, இரண்டு, மூன்று முறை நிறைத்து வாளியில் ஊற்றினார். நான்காவதில் பதினொன்று புள்ளி நாலு. மொத்தம் எழுபத்தொன்று புள்ளி நாலு. ஆடி மாதத்தில் அவர் அளந்ததிலேயே பெரிய மழை. ஏட்டில் புதன்கிழமைக்கு நேரே பூஜ்யமும், பக்கத்தில் அவர் ஒப்பமும் காய்ந்த மையில் இருந்தன.

இங்கேதான் அவர் தப்புச் செய்தார். முன்கூட்டிப் பூஜ்யம் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். கண்ணாடியில் தண்ணீர் இருந்தபோது பால்ச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். உப்பிலி வரும்வரை அளந்த தண்ணீரை அந்த வாளியிலேயே மூடி வைத்திருக்கலாம். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஊரில் இல்லாதவன் ஊரில் இருந்ததாக ஒப்பமிட்டது சாதாரணக் குற்றமில்லை என்பது அவருக்குத் தெரியும். மழை பெய்தது ஊருக்கே தெரியுமே, ஏட்டில் என்ன இருந்தால் யாருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டு, நாலு கண்ணாடித் தண்ணீரையும் வேலியோரம் கொட்டினார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பூஜ்யம் எழுதிவிட்டு, துக்கம் கேட்கப் போனார்.

உப்பிலியின் வீடு நாலு மைல் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ராஜபாளையத்திலும் இல்லை. மாதக் கடைசியில் ஏட்டைக் கொண்டுபோய் நீட்டியபோது, ஆடிப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்ற வழக்கப்படி அவரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆவணி கடைசியில் குருவம்மாள் கேஜு வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வீடு போனபிறகு அவளும் பிள்ளைகளும் பண்ணைச் சாக்குக் குடோனை ஒட்டி இறக்கிய சார்ப்பில் படுத்திருந்தார்கள். மழையில் வீடு இழந்தவர்களுக்குத் தொகுப்பு வீடு ஒதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுக் கொடுத்திருந்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மழை பெய்ஞ்சுதா இல்லியா?"

"ஏன் தாயி அப்படிக் கேக்கே?"

"பெய்யலையாம். காயிதத்துல அப்படித்தான் இருக்காம். நம்ம பண்ணைக் கேஜுல சைபராம். ராசபாளையத்துலயும் சைபராம். சுவரு மழையில விழல, பழசாகி விழுந்துச்சுன்னு சொல்லுதாவ. பழைய சுவருக்கு வீடு கிடையாதாம்." அவள் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. "உங்க மிசினு கெட்டுப்போயிருக்கும்னு நான் சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணாச்சி. ஐப்பசி மழைக்குள்ள தலைக்கு மேல ஒண்ணு வேணும். பிள்ளையள வச்சுக்கிட்டு இந்தச் சார்ப்புல கிடக்க முடியாது."

சமுத்திரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இருமினார். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மகள் தேறியதும் வேலுத்தாய் ஊர் திரும்பியிருந்தாள். அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்.

"ஊரே செய்யிற காரியத்தை ஒரு நாள் நீங்க செஞ்சீய. அதுவும் எம் மகளப் பாக்க. இப்பப் போயி வாயத் தொறந்தா வேலை போயிரும். மூணு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"அவளுக்கு வீடு வராதுட்டி."

"நமக்கு மட்டும் மாடியா கட்டியிருக்கு?" என்றாள் வேலுத்தாய். சொல்லிவிட்டு அவளும் சாப்பிடவில்லை.

பத்து நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் எட்டரைக்குக் கேஜுக்குப் போவார். குடோன் சார்ப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். குருவம்மாள் "போறியளா அண்ணாச்சி" என்று கேட்பாள். வேறு ஒன்றும் கேட்கமாட்டாள். பதினோராம் நாள் அவர் நேராக உப்பிலியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

கேட்டு முடித்ததும் உப்பிலி பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பக்கத்துல கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், சமுத்திரம்."

"தெரியும் சார்."

உப்பிலி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்படிச் செய்யலாம். பாட்டில்ல விரிசல், தண்ணி ஒழுகியிருக்குன்னு எழுதுவோம். கேஜ் ரிப்பேர். அந்தம்மா சொன்னதும் அதுதானே. உங்களுக்கும் ஆபத்தில்ல, எனக்கும் இல்ல. அவளுக்கும் ஏதாவது வழி பிறக்கும்."

இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சமுத்திரம் ஒரு நிமிடம் சரி என்றுதான் நினைத்தார். வாயில் வந்தது வேறு.

"கேஜ் மேல பழி போட வேண்டாம் சார். அது ஒழுங்கா அளந்து வச்சிருந்துச்சு. நாந்தான் கீழ ஊத்திட்டேன். இப்ப ஓட்டைன்னு எழுதினா எப்பலேருந்து ஓட்டைன்னு கேப்பாங்க. நான் இம்புட்டு வருசம் எழுதினது அம்புட்டும் பொய்யாப் போயிரும்."

சமுத்திரம் ஏட்டைத் திறந்து, சிவப்பு மையில் புதன்கிழமைப் பூஜ்யத்தை அடித்தார். மேலே 71.4 என்று எழுதினார். ஓரத்தில், 'அன்று நான் ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்து அளந்தேன்' என்று எழுதி அன்றைய தேதியோடு ஒப்பமிட்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையான மனிதர். சமுத்திரத்தை உட்கார வைத்துத்தான் பேசினார். எழுபத்தொன்று புள்ளி நாலுக்கு யார் சாட்சி என்று கேட்டார். யாருமில்லை. தண்ணீர் எங்கே? கொட்டிவிட்டேன். உரிய நாளில் உரிய நேரத்தில் எடுக்காத அளவு அளவே இல்லை என்று அந்த எண்ணையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டார். பூஜ்யமும் இல்லை, மழையும் இல்லை. அன்று பதிவு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடு போதுமானதாக இருந்தது. பதிவு இல்லாத நாளுக்கு ஊர் மக்கள் வாக்குமூலம் செல்லும் என்று சட்டத்தில் இடமிருந்தது. குருவம்மாள் குடியிருந்த காலனியே கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. குருவம்மாளுக்கு வீடு ஒதுக்கீடானது. சமுத்திரம் உயிராக நினைத்த எண் செல்லவில்லை. ஊரில் இல்லை என்று ஒப்புக்கொண்ட அவமானம் மட்டும் செல்லுபடியானது. சமுத்திரத்தைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். உப்பிலியை வடக்கே தூரத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பரம்பரைக் கைங்கர்யம் தடைப்பட்டதில் அவருக்கு ரொம்ப வருத்தம். போகும்போது சமுத்திரத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை. சமுத்திரத்துக்கு அது வலித்தது. ஆனாலும் அவர்மேல் தப்பில்லை என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பின் முதல் வாரம் எட்டரை மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பிறகு அதுவும் அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டார். சங்கையா வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இந்தக் கூத்தால் எல்லாக் கேஜுக்காரர்களின் ஏட்டையும் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேள்வி.

மறு வருடம் ஐப்பசி பிறந்து நாலாம் நாள், பண்ணையில் தனக்குப் பாக்கியிருந்த ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காலனி வழியாக வந்தார். குருவம்மாளின் வீட்டுக்குச் சுவர் எழும்பி, கூரையும் ஏறியிருந்தது. கதவு இன்னும் வரவில்லை. கிழக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. அவள் வாசலில் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணாச்சி. செத்த உக்காருங்க."

சிமெண்ட் தரையில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். நன்றி சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு வந்து நீங்க அளந்தீயள்லா, எம்புட்டு மழை?"

"எழுபத்தொண்ணு புள்ளி நாலு."

"அது எனக்கு என்னத்த வெளங்கும். எம்புட்டுன்னு காட்டுங்க."

பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. எண்ணைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து, நாலு விரலையும் சேர்த்து, சுண்டுவிரல் தரையில் படும்படி கையைப் பக்கவாட்டில் நிறுத்தினார்.

"பெய்ஞ்ச தண்ணி ஓடாம, மண்ணு குடிக்காம அப்படியே தரையில நின்னிருந்தா, இந்த உசரம்."

அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள். அவர் கையை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையையும் அதன் பக்கத்தில் அதே மாதிரி வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுக்கா அண்ணாச்சி அவிய போனாவ?"

சமுத்திரத்தால் தரையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.